மூன்றாம் வருட மேட்டின் மண்புழுக்கள்

விலங்கியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், வேர்க்கடலைச் செடியை நேருக்கு நேர் பார்த்தும் அது என்ன செடி என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். தெரியாமல் நின்றதுகூடப் பரவாயில்லை. ‘தானாக முளைத்த பயறினக் களை, மஞ்சள் பூ, இலைக்கு நான்கு சிற்றிலை’ என்று களக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். துணைப்பாடமாகத் தாவரவியல் படித்துத் தேறியவள் நான். நெய்வேலி நகரியத்தில் பிறந்து, குவார்ட்டர்ஸுக்கும் பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே வளர்ந்தவள். வாரம் தவறாமல் அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, தின்றிருக்கிறேன். காயைத் தெரியும், செடியைத் தெரியாது. பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு அசட்டுத்தனத்திலிருந்து தொடங்கியதால் வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். எங்களுக்குப் பரிணாமமும் தகவமைப்பும் எடுத்த ஆசிரியர் பாடத்தைக் கேள்வியாகவே நடத்துவார். ஒரு நாள் கடலுக்கு நடுவே ஒரு எரிமலைத் தீவை எழுப்பினார். புத்தம்புதிய நிலம். ஒரு புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை. “முதல்ல யார் வருவாங்க? எப்படி வருவாங்க? வராமலே போறது யாரு?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சிலந்திக் குஞ்சு தன் நூலிலேயே காற்றில் மிதந்து வரும் என்றோம். இறகுள்ள பூச்சிகள் வரும், மிதக்கும் கட்டையோடு பல்லியின் முட்டை வரும் என்றோம். தவளையும் மண்புழுவும்தான் வராது. தோலால் மூச்சு விடுகிற ஜாதிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, வெயிலும் ஆகாது. யாராவது கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

“எங்க ஊர்லயும் அப்படி ஒரு தீவு இருக்கு சார்” என்று எழுந்து சொன்னேன்.

வகுப்பு சிரித்தது. ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன் மேலுள்ள மண்ணையெல்லாம் வெட்டி, கன்வேயரில் கொண்டுபோய் ஒரு பக்கம் மலைமலையாகக் கொட்டுகிறார்கள். அதை ஊரில் ‘டம்ப்’ என்போம். எத்தனையோ ஆள் ஆழத்தில் கிடந்த மண். சூரியனைப் பார்த்ததில்லை, ஒரு பூச்சியும் அதில் குடியிருந்ததில்லை. இந்த வருடம் கொட்டிய மேடு, மூன்று வருடத்துக்கு முன் கொட்டியது, ஏழு வருடத்துக்கு முன் கொட்டியது என்று வரிசையாக நிற்கும். ஒரே தீவை மூன்று வயதில் பார்க்கலாம். ஆசிரியர் ஜன்னலை விட்டு வந்து, “உன்னோட ஆய்வேடு இதுதான்” என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ் நெய்வேலி வந்து சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

டம்ப் மேல் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டிலும் அனுமதி வேண்டும். இரண்டுக்கும் அப்பாதான் வழி. அவர் கன்வேயர் பிரிவில் போர்மேன். திருநெல்வேலிப் பக்கம். வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னோடு சைக்கிளில் வருவார். எந்த இடத்தில் தோண்டுவது என்பதை நம் விருப்பத்துக்கு விடக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து அது விழுந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பது ஆய்வு விதி. எறியும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். விழுந்த இடத்தை என்னோடு வந்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கீழே போய்க் குடையை விரித்துப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். நான் சதுரமாக ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைப் பழைய போர்வையில் கொட்டி, விரலால் பிரித்துப் பிரித்துத் தேடுவேன். கிடைத்ததைப் புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா சமையல்கட்டு வாசலிலேயே மறிப்பாள். ஃபார்மலின் வாடை அடிக்கிற எதுவும் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அந்த மாதங்களை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இந்த வருட மேட்டில் எறும்புகூட இல்லை; காற்றில் வந்து விழுந்த சிலந்திகள் மட்டும் ஒன்றிரண்டு. தின்ன எதுவுமே இல்லாத இடத்துக்கு எதற்கு வந்தன? அவை வேண்டுமென்று வரவில்லை, காற்று கொண்டுவந்து போட்டது, பிழைத்தது பிழைத்தது, செத்தது செத்தது. வகுப்பில் பத்துத் தடவை எழுதிய விஷயம்தான். செத்த சிலந்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு பிராணி இடத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒன்றும் மாற்றிக்கொள்வதில்லை. ஏற்கெனவே தோதாக இருந்தது தங்குகிறது, மற்றது போகிறது. எங்கள் நகரியத்தில் எல்லா ஜில்லாக்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் “அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்பார்கள். அது வேறு சமாசாரம்.

மூன்றாம் வருட மேட்டில்தான் அந்த அதிசயம் கிடைத்தது. தை பிறந்து மழை நின்று மேல்மண் பொறுபொறுவென்று காய்ந்திருந்தது. தைலமரக் கன்றுகள் நட்டிருந்த சரிவுக்குப் பின்னால், இரண்டு கட்டில் போடுகிற அளவு இடத்தில் அந்த மஞ்சள் பூச் ‘களை’ அடர்ந்திருந்தது. அப்பாவின் கல் அங்கே போய் விழுந்தது. ஒரு சாண் தோண்டியதும் மண்புழு. ஒன்றல்ல, குழிக்கு ஏழெட்டு. ஏழு வருட மேட்டில்கூட இல்லாத மண்புழு! அதுவும் காய்ந்த மாதத்தில், ஆழத்தில் சுருண்டு தூங்க வேண்டிய நேரத்தில், மேல்மண்ணிலேயே நெளிந்துகொண்டிருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் போய், செடிகளைத் தொடாமல் இடைவெளியிலேயே தோண்டிப் பார்த்தேன். அதே இடத்தில் மட்டும் புழு. பத்தடி தள்ளினால் ஒன்றும் இல்லை. ஆசிரியரிடம் புட்டியை நீட்டினேன். அவர் என்னைவிட ஒரு பங்கு அதிகமாகப் பூரித்தார். புழுவின் முட்டைக்கூடு ஏதோ நீர்ப்பறவையின் காலில் ஒட்டிய சேற்றோடு வந்திருக்க வேண்டும் என்றார். கோடையில் தூங்காமல் மேலேயே இயங்குவது புதுவகைத் தகவமைப்பாக இருக்கலாம் என்றார். நான் அத்தியாயத்தையே எழுதிவிட்டேன். அவர் அதை ஒரு கருத்தரங்கில் வாசிப்பதாக ஏற்பாடு. டம்ப்பில் மரம் நடும் பிரிவின் அதிகாரிக்கும் தெரியப்படுத்தி, நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதம் போட்டுவிட்டார்.

கடிதம் போன அதே வாரத்தில், அப்பாவின் ஓய்வு நாள் மாறி, ஒரு செவ்வாய்க்கிழமை மேட்டுக்குப் போனோம். வேலை நாளில் அதுவரை நான் போனதே இல்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கான்ட்ராக்ட் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், என் குழியருகே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏம் பாப்பா, நீதான் இங்க வந்து வந்து தோண்டிக்கினு இருக்கியா? நான் பெருக்கான்னு நெனச்சிக்கினு பொகை போட்டேன்.”

பெருக்கான் என்பது வயலில் வளை தோண்டும் பெரிய எலி. மானம் கப்பலேறியதைக் காட்டிக்கொள்ளாமல், “ஆராய்ச்சி பண்றேங்க்கா. இது என்ன களைன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, என் மூக்குக்கு நேரே பிடித்தாள். வேரில் பிஞ்சுகள் தொங்கின.

“மல்லாட்டைம்மா. துன்னதே இல்லியா நீ?”

கீழேயிருந்து குடையோடு மேலேறி வந்த அப்பா, “கடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி” என்றார். “எம்.எஸ்ஸி. படிக்கவளுக்கு நான் சொல்லணுமாக்கும்னு சும்மா இருந்துட்டேன்.”

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. யாரோ விதைத்த செடி என்றால் யாரோ ஊற்றும் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் எந்தப் புழுவும் கோடையில் மேலேயே நெளியும். என் புதுவகைத் தகவமைப்பு அந்த இடத்திலேயே செத்தது. மிச்சம் இருந்த கேள்வியைக் கேட்டேன். இந்த மண்ணில் எப்படி மல்லாட்டை விளைகிறது?

“இந்த மண்ணுல எங்க வெளையும்? இது எங்க கொல்லி மண்ணு” என்றாள்.

சுரங்கம் நகர்ந்து வந்தபோது அவள் ஊர் நிலமும் போயிற்று. காலி செய்யக் கொடுத்த தவணையில் மற்றவர்கள் கதவையும் உத்திரத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இவள் டம்ப்புக்கு வேலைக்கு வரும் வழியில்தான் அந்தக் கொல்லி, அதாவது அவர்கள் பயிர் செய்த புன்செய்க் கொல்லை. “வரப்போ வெறுங்கையோட ஏன் வரணும்? தெனம் ஒரு கூடை மேல்மண்ண வாரிக்கினு வந்து இங்க கொட்டினேன். மெஷினு வர்ற வரிக்கும் கொட்டினேன். நல்ல மண்ணு பாப்பா அது. எரு போட்டு எரு போட்டு வச்சது. அத்தப் போயி மெஷினுக்குக் குடுப்பாங்களா?” கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீரில் ரெண்டு குடம் இங்கேயும் ஊற்றுவாள். அழவும் இல்லை, பெருமூச்சும் விடவில்லை. நல்ல சரக்கை வீணாக்காமல் எடுத்துவைத்தவளின் திருப்திதான் முகத்தில் இருந்தது.

என் மண்புழுக்கள் பறவையின் காலில் வரவில்லை. அவள் தலையில் வந்திருந்தன.

நான் புட்டியில் மண் எடுப்பதைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. “இதெல்லாம் எங்கியாச்சும் எழுதிக் குடுப்பியா?” என்றாள். ஆமாம் என்றேன். முகம் மாறிவிட்டது. கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

“எழுதிடாத பாப்பா. நெலம் குடுத்ததுக்கு எங்கூட்டுக்காரரு பேரு பர்மனென்ட் லிஸ்ட்டுல இருக்குது. மூணு வருசமா கான்ட்ராக்டுல கெடக்கறாரு. இந்த நேரத்துல டம்ப்புல பயிர் வச்சாங்கன்னு எவனாச்சும் சொல்லிப்புட்டா பேர அடிச்சிடுவாங்க. இன்னும் ரெண்டு மாசம்தாங்கறாங்க.”

அவள் பயம் நியாயமானதா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் குடையை மடித்துக்கொண்டே ஆமாம் என்று தலையசைத்தார். எழுத மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் ஆசிரியர் போட்ட கடிதம் ஞாபகம் வந்தது.

ஆசிரியரும் அதிகாரியும் வரும் நாள் தெரிந்ததும், முந்தின நாள் நான் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். நாளைக்கு ஆபீசர் வருகிறார், செடி கண்ணில் படக் கூடாது என்றேன். அவள் உடனே முந்தானையைச் செருகிக்கொண்டு வரிசையாகப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் பிடுங்கினேன். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் முற்றியிருக்கும். ஒரு காயை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் தண்ணீராக இருந்தது. “மாடு துன்னும்” என்று கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆசிரியரும் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். மரம் நடுவதில் உண்மையான ஆசை கொண்டவர். தானே கடப்பாரை வாங்கித் தோண்டினார். புழு வந்ததும், குழந்தையைப் போலக் குதூகலித்து அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். “பாருங்க சார், நம்ம மண்ணு உயிர் பிடிச்சிடுச்சு! யாரும் எதுவும் செய்யாமலே பிடிச்சிடுச்சு!” என்றார். ஆசிரியர் என்னைக் காட்டி, “எல்லாம் இந்தப் பொண்ணோட கண்டுபிடிப்பு” என்றார். அதிகாரி என்னைப் பாராட்டினார். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாலேயே அளந்து, “யாரும் மிதிச்சிடக் கூடாது. கம்பி வேலி போட்டு ஒரு போர்டும் வச்சிடலாம்” என்றார்.

அவள் பத்தடி தள்ளிக் குடத்தோடு நின்றிருந்தாள். கான்ட்ராக்ட் மேஸ்திரி அவளைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, வேலித் தூண் நடும் இடத்தில் மண் இளகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாலு மூலையிலும் அவள்தான் ஊற்றினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். நடந்ததைச் சொல்ல வேண்டாம், ‘இன்னும் சரிபார்க்கணும் சார், வேலி இப்போது வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை உண்டு. ஆனால் அதிகாரி என்னைப் பாராட்டியபோது உள்ளே இனித்தது. அத்தியாயம் பிழைத்துவிட்டதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த மௌனத்தில் எத்தனை பங்கு அவளுக்காக, எத்தனை பங்கு எனக்காக என்று இன்றுவரை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்தேன். காய்ச்சல் என்றேன், டைப் அடிப்பவர் ஊரில் இல்லை என்றேன். வைகாசியில் ஒரு நாள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, “அந்தக் கடலை போட்ட புள்ளைக்கு மாப்பிள்ளை பேரு பர்மனென்ட் ஆர்டர்ல வந்துட்டுட்டி” என்றார். அன்றே உட்கார்ந்து அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் வருட மேட்டின் மண்புழுக்கள் அங்கே தாமாகக் குடியேறியவை அல்ல. மனிதர் சுமந்து வந்த வயல் மண்ணோடு வந்தவை. நீர் பாய்ச்சியதால் மேலே இயங்குபவை. யார் சுமந்தார் என்பதை எழுதவில்லை.

ஆசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “எப்போ தெரியும்?” என்றார்.

“ஆபீசர் பார்க்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும் சார்.”

அவர் திட்டவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. கருத்தரங்குக்கு அனுப்பிய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டதாக மட்டும் பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு முதல் வகுப்பு ஒரு மயிரிழையில் கைநழுவியது, ஆராய்ச்சிப் படிப்புக்கு அவரிடமே சேரும் யோசனையும் அதோடு நின்றது. வருத்தம் இருந்தது. ஆனாலும் மனம் லேசாகியிருந்தது. உண்மையை எழுதியாகிவிட்டது, யாருக்கும் கெடுதல் இல்லை, கணக்கு நேர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் அவளைப் பார்க்கப் போனேன். ஆனிக் காற்று மேட்டின் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வேலி உறுதியாக நின்றது. ‘ஆய்வுப் பகுதி. உள்ளே வரக் கூடாது’ என்று பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. தண்ணீர் கிடைக்காமல் உள்ளே தரை வெடித்து, கோரையும் முள்ளும் முளைத்திருந்தன. நான் எழுதிய ஒன்றரைப் பக்கம் பல்கலைக்கழக நூலக அலமாரியில் இருந்தது. அதை இங்கே யார் வந்து படித்துக் கம்பியை அவிழ்ப்பார்கள்? அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் வேலிக்கு வெளியே ஒரு கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“கேள்விப்பட்டேங்க்கா. சந்தோஷம். இனிமே பயம் இல்லியே?” என்றேன்.

“பயம் இல்ல பாப்பா. அவருக்கு வேல வந்திச்சி. நீ சொன்ன சொல்லக் காப்பாத்தின. நல்லா இரு” என்றாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேலிக்குள் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“மொதோ வாட்டி எடுத்துக்கினப்ப நோட்டீசாவது குடுத்தாங்க.”

சொல்லிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனாள். அந்த இரண்டாவது நோட்டீசைக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்தான்.